ஒரே நாளில் நன்றிச் சான்றிதழும் பிடிவாரண்ட்டும்

அனுப்புநர்
வெர்லீன் ஆட்வெல்,
40, மில்ரன் சாலை,
ஆல்டர்ஃபோர்டு,
பெக்வித் கவுண்டி, மிசூரி.

பெறுநர்
மாண்புமிகு முதன்மை நீதிபதி அவர்கள்,
பெக்வித் உள்ளிட்ட மூன்று கவுண்டிகளின் வட்ட நீதிமன்றம்.

பொருள்: நாய் வழக்கில் ஆஜராகவில்லை என்று என் மீது பிறப்பிக்கப்பட்ட பிடிவாரண்ட்டை, என்னைக் கைது செய்யாமல், 2024 மார்ச் 20-ஆம் தேதிக்குள் ரத்து செய்து தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பிடிவாரண்ட், நாள் 19.09.2023. 2. ஜூரி பணிக்கான நன்றிச் சான்றிதழ், நாள் அதே 19.09.2023.

மாண்புமிகு ஐயா,

வணக்கம். மேலே பார்வையில் கண்ட இரண்டு காகிதங்களையும் தாங்கள் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த மனுவைப் படிக்க வேண்டுகிறேன். இரண்டிலும் உள்ள கையெழுத்து ஒருவருடையது. தேதியும் ஒன்று. ஒன்று நான் வந்ததற்கு நன்றி சொல்கிறது. மற்றொன்று நான் வரவில்லை என்று பிடித்து வரச் சொல்கிறது.

1. நான் ஆல்டர்ஃபோர்டு தபால் நிலையத்தில் இருபத்து மூன்று வருடமாகத் தபால் கொடுக்கிறவள். கவுண்டி நீதிமன்றக் கட்டடம் என் வழியில்தான் இருக்கிறது. வேலை நாள் எல்லாவற்றிலும் காலை பத்தேகால் மணிக்கு நீதிமன்றத்தின் தபால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பித்தளைக் கதவைத் தள்ளி உள்ளே போகிறவள் நான். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

2. குற்றம் இதுதான், ஒளிக்க ஒன்றும் இல்லை. 2023 ஜூன் மாதம் என் நாய் புரூசர் வேலியைத் தாண்டிப் போய், எங்கள் தெருவுக்குத் தபால் கொடுக்கும் டுவெயின் ஷிப்லியைத் துரத்தியது. தபால்காரி வீட்டு நாய் தபால்காரனைத் துரத்தியதை எங்கள் அலுவலகத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கவுண்டி நாய்ப்பிடிப்பு அலுவலர் வழக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஜூலை 18-ஆம் தேதி நீதிமன்றம் வரச் சொன்னார். சீட்டில் என் அப்போதைய விலாசம், செடார் தெரு 114, எழுதப்பட்டிருந்தது.

3. ஜூலை 18 அன்று விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். குளிர்சாதன இயந்திரம் பழுது, இன்றைய சிறு வழக்குகள் எல்லாவற்றுக்கும் வாய்தா, புதிய தேதி தபாலில் வரும் என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ஆகஸ்ட் முதல் தேதி வீடு மாறினேன். மூன்றாம் தேதியே எழுத்தர் அலுவலகச் சன்னலில் விலாச மாற்றப் படிவம் கொடுத்து, முத்திரை குத்திய நகலும் வாங்கிக்கொண்டேன் (இணைப்பு 1). தபால் வேலை பார்க்கிறவளுக்கு விலாசத்தின் அருமை தெரியாமல் இருக்குமா? அதற்குப் பிறகு இரண்டு முறை, தேதி வந்ததா என்று அதே சன்னலில் கேட்டேன். தலைமை எழுத்தர் திருமதி நோர்மா பிளெவின்ஸ் இரண்டு முறையும் சொன்னது இதுவே: "வரும் கண்ணு, தபால்ல வரும். உனக்கே தபால் வராம போயிடுமா?"

4. செப்டம்பர் முதல் வாரம் நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மில்ரன் சாலை 40, சரியான விலாசம். பிரித்தால், அது ஜூரி சம்மன், வேறொருவர் வழக்கில் தீர்ப்புச் சொல்ல வந்து உட்காரும்படி. செப்டம்பர் 19, காலை எட்டேகாலுக்கு இரண்டாம் மாடிக்கு வர வேண்டும், தவறினால் தண்டனை என்று இருந்தது. நான் தவறவில்லை. எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தேன். ஒரு டிராக்டர் திருட்டு வழக்கு. பதினோரு மணிக்கு நீதிபதி டில்மன் கிரேவ்ஸ் அவர்கள் மாடி ஏறி வந்து, எங்கள் பன்னிரண்டு பேரையும் கை தூக்கச் சொல்லி உறுதிமொழி வாங்கினார். என் பெயரை அவர் வாயாலேயே வாசித்தார். நான் "இருக்கிறேன்" என்றேன். சாயங்காலம் நாங்கள் தீர்ப்புச் சொல்லி முடித்ததும், குடிமக்களின் கடமை உணர்வைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு, ஆளுக்கொரு சான்றிதழில் நீல மையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் அதைச் சட்டம் போட்டு மாட்டினேன். இன்று அந்தச் சுவரில் ஆணி மட்டும்தான் இருக்கிறது.

5. அதே நாள் காலை ஒன்பது மணிக்கு, அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், அதே நீதிபதி என் நாய் வழக்கைக் கூப்பிட்டிருக்கிறார். வெர்லீன் ஆட்வெல் என்று மூன்று முறை வராந்தாவில் கூப்பிட்டார்களாம். நான் அவர்கள் தலைக்கு மேலே, இரண்டு மாடி உயரத்தில், அவர்கள் கூப்பிட்டதாலேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை என்று எழுதி, பிடிவாரண்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் மாடி ஏறி வந்து எனக்கு உறுதிமொழி செய்து வைத்தார். இதில் நீதிபதியின் மனதில் வஞ்சம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. வஞ்சம் வைக்கவாவது ஆளை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

6. இது எப்படி நடந்தது என்று பிறகு விசாரித்தும், பொதுமக்கள் பார்வைக்கு உள்ள என் வழக்குக் கோப்பை வாங்கிப் பார்த்தும் தெரிந்துகொண்டேன். ஜூரி சம்மன் அனுப்பும் மேசை, ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்து விலாசம் எடுக்கிறது. சிறு வழக்கு மேசை, சீட்டில் எழுதியதை மட்டுமே எடுக்கிறது. இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு தொட்டிச் செடி. நான் கொடுத்த விலாச மாற்றப் படிவம் இரண்டு மேசைக்கும் போகாமல், "கோப்பில் சேர்க்க" என்ற தட்டில் மாதக் கணக்காகக் கிடந்திருக்கிறது. புதிய தேதி அறிவிப்பு செடார் தெருவுக்குப் போனது. உறையின் மேல், வேறு விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம், திருப்பி அனுப்பவும் என்று நீதிமன்றமே அச்சடித்திருக்கிறது. ஆகவே டுவெயின், விதிப்படி, விலாசதாரர் வீடு மாறிவிட்டார் என்று சீட்டு ஒட்டித் திருப்பிவிட்டார். நாய் துரத்திய கோபத்தில் அல்ல. அவருக்கு அது நினைவுகூட இல்லை.

7. அந்த உறை ஆகஸ்ட் 24 அன்று நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தது என்று அதன் மேலுள்ள வரவு முத்திரை சொல்கிறது. நீதிமன்றத் தபால் மூடி போட்டுக் கட்டிய பெட்டியில் வரும், எங்களுக்கு அதைத் திறக்க அனுமதி இல்லை. ஆகஸ்ட் 24 அன்று அந்தப் பெட்டியைச் சுமந்து போய்த் திருமதி பிளெவின்ஸின் சன்னலில் வைத்தவள் நான். எனக்கு வராமல் போன கடிதத்தை என் தோளிலேயே வைத்துச் சுமந்து, என் கையாலேயே கொடுத்திருக்கிறேன், ஐயா. அது இன்றைக்கும் பிரிக்கப்படாமல் என் கோப்பில் குத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வாரண்ட் போடுவதற்கு இருபத்தாறு நாள் முன்பே, அறிவிப்பு எனக்குக் கிடைக்கவில்லை என்பது இந்த நீதிமன்றத்துக்குத் தெரியும். தெரிந்ததை யாரும் படிக்கவில்லை.

8. வாரண்ட் போட்ட நாள் முதல் ஏறக்குறைய ஆறு மாதமாக நான் தேடப்படும் நபர். வாரண்ட்டில், இருப்பிடம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது. இந்த ஆறு மாதமும் நான் வேலை நாள் தவறாமல் பத்தேகாலுக்கு நீதிமன்றத்துக்குள் போய் வந்தேன். வாசலில் சோதனை போடும் துணை ஷெரீஃப் லாய்ட் மேப்ஸ் எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்கக்கா, இன்னைக்கும் எல்லாம் குப்பைத் தபாலா, இல்ல நல்ல சேதி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பார். தேடப்படுவோர் பட்டியல் அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் தொங்குகிறது. கவுண்டியின் இணையதளத்தில் பார்க்கலாம் என்றால், அது ஜனவரி முதல் பராமரிப்பில் இருக்கிறது. பலகைப் பட்டியலின் கீழ்ப் பாதியை, தேவாலயத்துப் பான்கேக் விருந்து அறிவிப்பு மறைத்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தால் பதினான்காவது பெயர் என்னுடையது.

9. தூக்கிப் பார்க்க நேர்ந்த காரணம்தான் இந்த மனுவின் காரணம். என் தங்கை டார்லாவுக்குப் பிப்ரவரி 6 அன்று பக்கவாதம் வந்தது. இப்போது பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள், பேச்சு இன்னும் வரவில்லை. அவளுக்கு ஒரே மகள், லோட்டி, ஆறு வயது. அப்பா இல்லை. பிறந்த நாள் முதல் என் மடியில் வளர்ந்த பிள்ளை. குழந்தைகள் நலத்துறை அலுவலர் செல்வி பெல்லமி என் வீட்டுக்கு வந்து, கட்டில், கழிப்பறை, மருந்து அலமாரி எல்லாம் பார்த்து, திருப்தி என்று எழுதிக்கொண்டார். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "மேடம், உங்க பேர்ல ஒரு வாரண்ட் நிக்குது. எனக்கே நம்ப முடியல. ஆனா அது இருக்கிற வரைக்கும் பாப்பாவ உங்ககிட்ட விட எனக்குக் கை கட்டிப் போட்ட மாதிரி" என்றார். அன்று சாயங்காலமே லோட்டியை நாற்பது மைல் தள்ளி, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

10. மார்ச் 21, வியாழக்கிழமை, லோட்டி எங்கே இருப்பாள் என்று முடிவு செய்யும் கூட்டம். அதற்குள் வாரண்ட் நீங்காவிட்டால், மாநிலத்தின் மறுகோடியில் ஒரு குடும்பத்துக்கு அனுப்புவதாகத் தீர்மானம் தயாராக இருக்கிறது. அங்கிருந்து டார்லாவின் படுக்கைக்கு ஆறு மணி நேரப் பயணம்.

11. இதைத் தீர்க்க நான் பட்ட பாட்டை ஒன்று விடாமல் எழுதினால் தங்கள் நேரம் வீணாகும். ஆனாலும் சிலவற்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

ஷெரீஃப் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் சொன்னது: "போன்ல எதுவும் சொல்ல மாட்டோம்மா. ஐடியோட நேர்ல வாங்க. வாரண்ட் இருந்துச்சுன்னா அங்கயே பிடிச்சு உக்கார வெச்சிடுவோம், உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எழுத்தர் சன்னலில், முத்திரை குத்திய நகலையும் சான்றிதழையும் எடுத்து வைத்து, ரத்து மனு கொடுத்தேன். திருமதி பிளெவின்ஸ் அதைத் தொடக்கூட இல்லை. விரல் நுனியால் என் பக்கம் தள்ளிவிட்டார். "வாரண்ட் நிக்கிறவங்க பேப்பர நாங்க வாங்கக் கூடாது கண்ணு. மொதல்ல சரண்டர் ஆகு, அப்புறம் கொண்டா." அந்த நேரத்திலும் என் இன்னொரு கையிலிருந்து அன்றைய தபால் பெட்டியை வாங்கி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். என் கையிலிருந்து தபால் வாங்கலாம், மனு வாங்கக் கூடாது. இது என்ன தீட்டு, ஐயா?

நீதிபதி கிரேவ்ஸின் உதவியாளரிடம் போனேன். வாரண்ட் உள்ளவர் நீதிபதியிடம் நேரில் பேசக் கூடாது, எழுத்தர் சன்னலில் மனு கொடுக்க வேண்டும் என்றார். எழுத்தர் சன்னலில் வாங்க மாட்டார்கள் என்றேன். "அப்படியா? அது அவங்க டிபார்ட்மென்ட்" என்று சொல்லிவிட்டு, தன் காப்பியைக் கலக்கத் தொடங்கினார்.

வாசலில் லாய்ட் மேப்ஸிடம், தம்பி, அந்தப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. "அக்கா, நீங்க சொன்னது என் காதுல விழல. விழுந்தா நான் விலங்கு மாட்டணும். பெட்டிய வெச்சிட்டுப் பேசாம போங்க" என்றார். இந்தக் கட்டடத்தில் எனக்காக யாராவது ஏதாவது செய்தார்கள் என்றால், அது இந்த ஒன்றுதான். இதற்காக அவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

12. வக்கீல் வைத்துக்கொள்ளலாமே என்று தாங்கள் நினைக்கலாம். இலவசச் சட்ட உதவி வக்கீல் அலுவலகத்தில், "நாய் கேசுக்கெல்லாம் நாங்க வர்றதில்லைங்க" என்றார்கள். ஊரில் உள்ள மற்ற இருவரில் ஒருவர் கவுண்டிக்கே ஆஜராகிறவர். இன்னொருவர் ஈஸ்டர் கழித்து வரச் சொன்னார். ஈஸ்டருக்கு லோட்டி இங்கே இருக்க மாட்டாள். ஆகவேதான் நீதிபதி கிரேவ்ஸுக்கும் மேலே இருக்கும் தங்களுக்கு நேராகத் தபாலில் எழுதுகிறேன்.

13. சரணடைந்துவிட வேண்டியதுதானே என்று பலரும் எளிதாகச் சொல்கிறார்கள். சரணடைந்தால் புகைப்படம், கைரேகை எடுத்து, ஒரு மணி நேரமாவது உள்ளே வைப்பார்கள். அது கைது என்று பதிவாகும். கடந்த ஓராண்டில் கைதானவர் வீட்டில் குழந்தையை விடக் கூடாது என்பது நலத்துறையின் விதி. இதைச் செல்வி பெல்லமி எழுத்திலேயே கொடுத்திருக்கிறார் (இணைப்பு 4). வாரண்ட் இருந்தால் பிள்ளை இல்லை. வாரண்ட்டைத் தீர்க்க நீங்கள் காட்டும் ஒரே வழியில் போனாலும் பிள்ளை இல்லை. இப்படி ஒரு வழியை யோசித்து, அச்சடித்து, பலகையிலும் மாட்டி வைத்திருக்கிறீர்களே, உங்களில் ஒருவருக்காவது கூச்சமாக இல்லையா?

14. சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன். அதைக் கோடு போட்டு அடிக்க மனம் வரவில்லை, மன்னிக்கவும். இருபத்து மூன்று வருடத்தில் நான் ஒரு தபாலைத் தவறான வீட்டில் போட்டால், மறுநாள் போய் மணி அடித்து, என் தவறு என்று சொல்லி, வாங்கிச் சரியான வீட்டில் கொடுத்திருக்கிறேன். அது சம்பளத்துக்குச் செய்கிற சாதாரண வேலை. அங்கி போட்டவர்களும் முத்திரை வைத்திருப்பவர்களும் அதைச் செய்யக் கூசுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகியதை மிதித்துவிட்ட மாதிரி அருவருப்புத்தான் வருகிறது.

15. நாய் வழக்கைப் பொறுத்தவரை நான் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன், என்ன தண்டனை விதித்தாலும் ஏற்கிறேன். புரூசர் டிசம்பரில் வயதாகிச் செத்துப் போயிற்று. அதன் மீது இனி யாரும் வாரண்ட் போட முடியாது.

16. இனி ஒன்றே ஒன்று. கடந்த சனிக்கிழமை லோட்டியைப் பார்க்க ஒரு மணி நேரம் அனுமதித்தார்கள். அந்த வீட்டு அம்மாள் நல்லவர்தான். பிள்ளை, ஏன் நான் பெரியம்மா வீட்டுக்குப் போகக் கூடாது என்று நச்சரித்ததில், உன் பெரியம்மாவைக் கோர்ட்டில் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை, அதனால்தான் என்று உண்மை என நினைத்துச் சொல்லியிருக்கிறார். லோட்டி என் மடியில் உட்காரவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, காலணியின் வாரைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டே கேட்டாள்: "உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களாமே பெரியம்மா, நீ ஏன் வரல? நான் கூப்பிட்டாலும் வரமாட்டியா?"

நான் வந்தேன், மேல் மாடியில் இருந்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. கோர்ட்டில் எழுதி வைத்திருக்கிறார்களாமே என்றாள். ஆறு வயதுப் பிள்ளை உங்கள் பதிவேட்டை என்னைவிட அதிகமாக நம்புகிறது, ஐயா. அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

17. ஆகையால் தாங்கள் கருணை கூர்ந்து:

அ) 19.09.2023 தேதியிட்ட பிடிவாரண்ட்டை, என்னைக் கைது செய்யாமலும் சிறையில் பதியாமலும், மார்ச் 20, புதன்கிழமைக்குள் ரத்து செய்யவும்;

ஆ) செப்டம்பர் 19 அன்று வெர்லீன் ஆட்வெல் இந்த நீதிமன்றம் அழைத்தபடி இந்த நீதிமன்றத்தில் இருந்தார் என்று, வரவில்லை என்று எழுதிய அதே பக்கத்தில், அதே நீதிபதியின் கையால் எழுதச் செய்யவும்;

இ) அந்தப் பக்கத்தின் நகல் இரண்டு தரவும் வேண்டுகிறேன். ஒன்று குழந்தைகள் நலத்துறைக்கு. மற்றொன்றை நான் லோட்டிக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

வேறு எதுவும் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

உத்தரவு தயாரானதும் தயவுசெய்து தபாலில் அனுப்ப வேண்டாம். புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு நான் வழக்கம் போலத் தபால் பெட்டியோடு தங்கள் கட்டடத்துக்குள் வருவேன். எழுத்தர் சன்னலின் முன்னால் நிற்பேன். வெர்லீன் ஆட்வெல் என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
கூப்பிட்ட இடத்துக்கு வந்தவள்,

(ஒப்பம்)
வெர்லீன் ஆட்வெல்

இடம்: ஆல்டர்ஃபோர்டு
நாள்: 11.03.2024

இணைப்புகள்:
1. விலாச மாற்றப் படிவம், எழுத்தர் அலுவலக முத்திரையுடன், 03.08.2023.
2. ஜூரி சம்மனும் நன்றிச் சான்றிதழும் (சட்டத்திலிருந்து கழற்றியது, திருப்பித் தர வேண்டியதில்லை).
3. பிரிக்கப்படாத உறையின் புகைப்படம், இரு பக்கமும். அசல் தங்கள் கோப்பிலேயே இருக்கிறது.
4. குழந்தைகள் நலத்துறை அலுவலரின் கடிதம்.